முள்ளும் மேடையும்

பலவீனம்தான் பலம் என்ற பேச்சைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை வளர முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு ஜெபிக்க வருகிறவர்கள் அதைச் சொல்வார்கள். பரீட்சையில் தேறாத பிள்ளைக்கு வாலிபர் கூட்டத்தில் சொல்வார்கள். பேச்சு திக்குகிற பையனைக் கூப்பிட்டு, மோசேக்கும் வாய் திக்கியதுதானே என்பார்கள். கன்வென்ஷன் மேடையில் சாட்சி சொல்கிறவர்களின் கதையும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், இன்று இந்த நிலையில் நிற்கிறேன். உடனே கைதட்டல். இந்த நம்பிக்கை எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. அதே பேச்சு சிலரை நசுக்கியும் இருக்கிறது. எங்கே தாங்குகிறது, எங்கே முறிகிறது என்று தட்டிப் பார்க்க வேண்டாமா?

மூல ஆதாரம், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம். கி.பி. 55, 56 வாக்கில் எழுதியது என்பது பல அறிஞர்களின் கணிப்பு. தன் உடலில் ஒரு முள் இருக்கிறது என்கிறார் பவுல். அதை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடுகிறார். எடுக்கப்படவில்லை. தாங்குவதற்கான அருள் உண்டு என்ற பதில் மட்டும் வருகிறது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, இனித் தன் பலவீனங்களைக் குறித்தே பெருமை பேசுவேன் என்கிறார். முள் எது என்று அவர் சொல்லவில்லை. கண்நோய் என்பார்கள், வலிப்பு என்பார்கள், மலேரியா என்றார் வில்லியம் ராம்ஸே, நோயே இல்லை, எதிரிகளைத்தான் அப்படிச் சொன்னார் என்பவர்களும் உண்டு. ஊகம் இன்றும் ஓயவில்லை. அவர் சொல்லாமல் விட்டதும் நல்லதுக்குத்தான். வலிப்பு என்று எழுதியிருந்தால் வலிப்புக்காரர்கள் மட்டும் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

சூழலைப் பலர் கவனிப்பதில்லை. கொரிந்துக்கு வேறு சில போதகர்கள் வந்திருந்தார்கள். பேச்சு வன்மை, தரிசனங்கள், பரிந்துரைக் கடிதங்கள் என்று அவர்களிடம் எல்லாம் இருந்தது. பவுலின் கடிதத்தில்தான் காரம், ஆளை நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை, பேச்சும் சப்பை என்று ஊருக்குள் ஒரு கேலி ஓடியது. அந்தக் கேலிக்குப் பதில்தான் இந்த அதிகாரங்கள். நீங்கள் பெருமை பேசுகிறீர்களா, நானும் பேசுகிறேன் என்று தொடங்குகிறவர், பட்டியலின் கடைசியில் தமஸ்கு நகரத்து மதிலிலிருந்து தன்னை ஒரு கூடையில் வைத்து இறக்கிவிட, தப்பி ஓடிய கதையைச் சொல்கிறார். ரோமப் படையில் எதிரியின் மதில்மேல் முதலில் ஏறுகிற வீரனுக்குப் பொன்முடி சூட்டும் வழக்கம் இருந்தது. மதிலில் ஏறியவன் வீரன் என்றால் நான் கூடையில் இறங்கியவன் என்று பவுல் நக்கலடிக்கிறார் என்பது சில ஆய்வாளர்களின் வாசிப்பு. எனக்கு அது சரியாகப் படுகிறது. அந்த அதிகாரங்களின் தொனி முழுக்கக் குத்தல்தான்.

ஆக, மேடைப் பெருமைக்கு எதிராக எடுத்த ஆயுதம் அது. இன்று அதையே மேடையில் பெருமை பேசுவதற்கு எடுத்துக்கொள்கிறோம். 'இவ்வளவு பலவீனமாக இருந்த நான் இப்போது எப்படி இருக்கிறேன் பாருங்கள்' என்ற சாட்சியில் முள் கடந்தகாலத்தில் இருக்கிறது. பவுலின் கதையில் அது உள்ளேயே இருந்தது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பவுல் பேசியது தன் முள்ளைப் பற்றி. எப்பாப்பிரோதீத்து என்ற தோழர் சாகக் கிடந்தபோது, அவர் பிழைத்ததைப் பெரிய இரக்கமாகவும், அவர் இறந்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கமாகவும் எழுதினார். அந்த நோயில் ஒரு பாடத்தைத் தேடி அவர் தலையில் கட்டவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் பெயரில் உள்ள நிருபம் தருவது கொஞ்சம் திராட்சரசம் குடி என்ற கைவைத்தியம். அந்த நிருபம் அவர் எழுதியதுதானா என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு, இருந்தாலும் ஆதிச் சபை அதை அவர் குரலாகத்தான் ஏற்றது. உலகத்தில் பலவீனமானவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்று கொரிந்தியரைப் பார்த்துச் சொன்னாரே என்று யாராவது கேட்கலாம். சொன்னார். அது குலப்பெருமையும் செல்வாக்கும் இல்லாத சாமானியர்களின் கூட்டத்தைப் பற்றிய பேச்சு. படுக்கையில் கிடக்கும் ஒருவரின் வலியைப் பார்த்துச் சொன்னதில்லை.

இனி இந்த நம்பிக்கைக்குச் சாதகமாக எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்றுக்கு வருகிறேன். வேலூர் பாகாயத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரிந்திருக்கும். முதுகெலும்பு அடிபட்டவர்கள் மறுவாழ்வுப் பயிற்சி பெறும் இடம். அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சிப் பக்கத்தில் பிறந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர், மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். 1954-இல் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் ஆழமான காயம், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போயின. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். நரம்பு செத்துப்போவதால் விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து நிற்கும். நன்றாக வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, திசைமாற்றி, விரல்களில் கொண்டுபோய்த் தைக்க வேண்டும். அப்புறம் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து அந்தத் தசைக்குப் புது வேலையைக் கற்றுத்தர வேண்டும். நோயாளியின் கை பக்கத்து மேசையில் நீட்டியிருக்கும். மருத்துவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரி வர்கீஸை அந்த வேலைக்கு இழுத்தவர் பிராண்ட்தான். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர் தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தினார்.

அங்கே வந்த நோயாளிகளுக்கு வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்துக் கை வெந்திருக்கும், அவர்களுக்கு உறைக்காது. இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்துத் தின்றாலும் தெரியாமல் போனதைக் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்று பிராண்ட் எழுதியிருக்கிறார். தொழுநோய் சதையை அழுகவைக்கிறது என்ற பழைய நம்பிக்கையை உடைத்து, வலி உணர்வு போவதால் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று நிறுவியது அவருடைய பெரும்பணி. வலியை வரம் என்று பின்னாளில் புத்தகமே எழுதினார். உணர்ச்சியற்ற கைகளை உணர்ச்சியற்ற கால்களை உடைய ஒருவர் கையில் எடுத்துச் சரிசெய்தார் என்பதை நினைத்தால், பவுலின் அதிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பது கஷ்டம்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தன் மறுவாழ்வுக்கான சிகிச்சை, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மேற்பயிற்சி, திரும்பிவந்து வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பு, 1966-இல் பாகாயம் நிலையம், 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் மறைந்தார்.

சாட்சி மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், விபத்திலிருந்து பத்மஸ்ரீக்கு ஒரே தாவலாகத் தாவுவார்கள். நடுவில் இருப்பதுதான் எடை போட வேண்டிய இடம். மேரி வர்கீஸின் விசுவாசம் உண்மை, அவரே அதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் அந்த விசுவாசத்தோடு ஓர் அறுவை மேசையும், தன் நேரத்தைச் செலவிட்டுக் கற்றுக்கொடுத்த ஒரு மூத்த மருத்துவரும், இவருக்கு முடியாது என்று கதவைச் சாத்தாத ஒரு மருத்துவமனையும், வெளிநாட்டுச் சிகிச்சைக்கு வழியும், தூக்கி உட்காரவைக்க ஆட்களும் இருந்தார்கள். அதே ஆண்டு அதே மாதிரி விபத்தில் அடிபட்ட ஒரு கூலித்தொழிலாளிக்கு அவ்வளவு விசுவாசமும் இருந்திருக்கலாம், இவற்றில் ஒன்றுகூட இருந்திருக்காது. படுக்கைப்புண் சீழ்பிடித்து அவர் செத்திருப்பார். மேரி வர்கீஸுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், தனக்குக் கிடைத்த வசதியை மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்யும் கட்டடத்தைக் கட்டினார். பலவீனம் பலமாயிற்று என்பதற்கு நான் ஏற்கும் சான்று அந்தக் கட்டடம்.

ஏமி கார்மைக்கேலின் கதை வேறு வகை. அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு அம்மையாக இருந்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. குணமாகும் என்றார்கள். ஆகவில்லை. 1951 ஜனவரியில் சாகும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கிடந்தார். அங்கிருந்தபடி எழுதிக் குவித்தார். அவற்றில் 1933-இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' இந்த விவாதத்துக்கு மிக முக்கியம். நோயாளிகளுக்கென்று அச்சடித்த கைப்பிரதிகளை அவருக்கும் அனுப்பிவைத்தார்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதிய அவை தனக்குள் இறங்கவே இல்லை என்று முகத்துக்கு நேராக எழுதினார் ஏமி. நோயில் கிடப்பவர் நோயில் கிடப்பவருக்கு எழுதுவதாகத்தான் அந்த நூலை அமைத்தார். ஆறுதல் எழுத்துகளில் இவ்வளவு நேர்மையான தொடக்கம் குறைவு. ஏற்றுக்கொள்வதில்தான் சமாதானம் என்று அவர் மறுபடி மறுபடி சொல்வதில் எனக்கு ஓர் இறுக்கம் தெரிகிறது. முனகுவதற்கும் கோபப்படுவதற்கும் சங்கீதப் புத்தகம் தருகிற இடத்தை அவர் தனக்குத் தந்துகொள்ளவில்லை. இருந்தாலும் தன் படுக்கையிலிருந்து பேசினார் என்ற உரிமை அவருக்கு உண்டு. டோனாவூரின் அக்காள்களும் சித்திகளும் இருபது ஆண்டுகள் அவரைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்பதையும் அந்த நூல்களின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதுவரை பார்த்த இருவரும் மேடைக்கு ஏற்றவர்கள். வில்லியம் கூப்பர் மேடை ஏற மாட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவி. இம்மானுவேலின் இரத்தத்தை ஊற்றாகப் பாடும் ஞானப்பாட்டு நம் சபைகளிலும் தமிழில் புழங்குகிறதே, அதன் மூலம் அவருடையது. கடும் மனச்சோர்வு நோய் அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. பலமுறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அடிமைக் கப்பலை விட்டுப் போதகரான ஜான் நியூட்டன் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டு எழுதவைத்தார், 1779-இல் 'ஓல்னி ஹிம்ஸ்' வந்தது. ஆனால் 1773-இலேயே, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒரு கனவில் தீர்ப்புக் கேட்டதாக நம்பிவிட்டார் கூப்பர். அந்த நம்பிக்கை 1800-இல் சாகும்வரை மாறவில்லை. பாவி கழுவப்படுவதை உலகமே பாடும்படி எழுதியவர், தனக்கு மட்டும் அது இல்லை என்று 27 ஆண்டுகள் நம்பினார்.

பலவீனம் பலமானதா? பாடுகிறவர்களுக்கு ஆனது. கூப்பருக்கு ஆகவில்லை. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டு, 'அவருடைய வேதனையிலிருந்து எவ்வளவு அருமையான பாட்டு வந்தது பாருங்கள்' என்று சொல்வது, ஒரு மனிதனின் நரகத்தை நமக்கு வந்த லாபத்தோடு கழித்துக் கணக்கைச் சமன் செய்வது. நியூட்டன் அப்படிச் செய்யவில்லை. நண்பரைக் குணப்படுத்த முடியாவிட்டாலும், ஓல்னியை விட்டுப் போன பிறகும் கடிதங்களால் கைவிடாமல் இருந்தார். விசுவாசம் அங்கே பலமாகத் தென்பட்டது நோயாளியிடம் இல்லை, கூட நின்றவரிடம்.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்புகளில் தத்துவஞானி நீட்சேயினுடையதுதான் கூர்மையானது. 1887-இல் வந்த அறத்தின் வம்சாவளி பற்றிய நூலில், செய்ய முடியாததைச் செய்யாத நற்குணமாகவும், பழிவாங்கத் திராணியில்லாததை மன்னிப்பாகவும் பெயர்மாற்றி விற்கும் பட்டறை என்று கிறிஸ்தவ அறத்தை வர்ணித்தார். தீராத தலைவலியாலும் கண்பார்வைக் கோளாறாலும் 1879-இல் பேராசிரியர் வேலையை விட்ட நோயாளி அவர் என்பதால், சுகவாசியின் ஏளனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பவுலிடம் அவர் அம்பு பாயவில்லை என்பது என் கருத்து. முள் நல்லது என்று பவுல் சொல்லவில்லை, எடுத்துவிடு என்று மூன்று முறை கெஞ்சினார். ஆனால் சம்பளம் தராத முதலாளியிடமும் அடிக்கிற கணவனிடமும் பொறுத்துப்போ, உன் பலவீனத்தில் கர்த்தர் பலமாக இருப்பார் என்று ஆலோசனை சொல்கிறார்களே, அவர்கள்மேல் அது நேராகப் பாய்கிறது. பாயட்டும்.

பலவீனத்தைப் போற்றும் பேச்சுக்குள் அதிகாரம் ஒளிந்துகொள்ளும் என்பதற்குச் சமீபத்திய சான்று ழான் வனியே. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழும் 'லார்ஷ்' குடும்பங்களை 1964-இல் பிரான்ஸில் தொடங்கியவர். பெங்களூரில் 1970-இல் தொடங்கிய ஆஷா நிகேதன் அந்த மரபில் வந்தது. பலவீனர்களே நமக்கு ஆசான்கள் என்று அரை நூற்றாண்டு உலகமெங்கும் பேசினார். 2019-இல் இறந்தபோது புனிதர் என்றே பலர் எழுதினார்கள். மறு ஆண்டே, லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணை, ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை வெளியிட்டது. 2023-இல் வந்த விரிவான அறிக்கை குறைந்தது 25 பெண்கள் என்றது. அந்தக் குடும்பங்களில் நடந்த நல்லவை இதனால் பொய்யாகிவிடாது. அமைப்பு தானே விசாரித்துத் தானே வெளியிட்டது மரியாதைக்குரியது. ஆனால் தன் பலவீனத்தை மேடையில் உருக்கமாகப் பேசத் தெரிந்தவரிடம் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கொரிந்தில் தரிசனம் காட்டிப் பெற்ற செல்வாக்கை, உருக்கம் காட்டியும் பெறலாம்.

மாற்றுத்திறனாளிகளின் பக்கத்திலிருந்து வந்த விமர்சனத்தை நம் சபைகள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. பிறவியிலேயே இடுப்பெலும்புக் கோளாறோடு வளர்ந்த நான்சி ஐஸ்லேண்ட் 1994-இல் 'தி டிஸேபிள்ட் காட்' எழுதினார். ஊனத்தைப் பாவத்தோடு முடிச்சுப் போடுவது ஒரு வன்முறை என்றால், அதைச் சகிப்பதைப் புண்ணியமாக்கிப் போற்றுவதும் அதன் உடன்பிறப்பு என்றார். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கைகளில் ஆணிக்காயம் இருந்தது, அது ஆறவில்லை, அந்தக் காயத்தோடுதான் சீடர்கள் அவரை அடையாளம் கண்டார்கள் என்பது அவர் பிடித்த இழை. பவுலின் முள்ளுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறில்லை.

1967-இல், 17 வயதில், விரிகுடாவில் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்த ஜோனி எரிக்சன் டாடா, தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் தன் நூல்களால் அறிமுகமான பெயர்தான். புகழ்பெற்ற ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவர் நம்பிக்கையோடு போனார். கூட்டம் முடியுமுன்பே, சக்கர நாற்காலியில் வந்தவர்களை நெரிசலைத் தவிர்க்க வெளியே கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். குணமாகாதவர்களின் அந்த வரிசையில் தானும் நின்றதை அவர் எழுதியிருக்கிறார். பின்னாளில் அமெரிக்காவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் மன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். கட்டடங்களுக்குச் சாய்தளத்தையும் வேலையில் பாகுபாடின்மையையும் கட்டாயமாக்கிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் வரைவு அந்த மன்றத்தில் உருவானது. ஜெபமும் சட்டமும் அவரிடம் சண்டையிட்டுக்கொள்ளவில்லை.

என் தீர்ப்பு இதுதான். பலவீனத்தில் பலம் கண்டேன் என்று முள்ளோடு இருப்பவர் தன்னைப் பற்றிச் சொன்னால், அதை நம்ப எனக்குத் தயக்கமில்லை. பவுலும் மேரி வர்கீஸும் ஏமியும் ஜோனியும் அதற்குப் போதும். உன் பலவீனம்தான் உன் பலம் என்று முள் இல்லாதவர் இன்னொருவரைப் பார்த்துச் சொன்னால், அதற்கு வேதத்திலேயே முன்மாதிரி இல்லை. வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயுவின் குருட்டுத்தனத்துக்கு இயேசு விளக்கம் சொல்லவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் கேட்டார். கூப்பர் மாதிரி எந்தப் பலமும் காணாமலே சாகிறவர்களுக்கு இந்த நம்பிக்கையிடம் விளக்கம் இல்லை, நியூட்டன் மாதிரி பக்கத்தில் ஆள் நிறுத்தத்தான் முடியும். அதைக் குறையாக நான் எண்ணவில்லை. விளக்கம் இருப்பதாக நடிப்பதுதான் குறை.

கன்வென்ஷன் நடத்துகிறவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டு சாட்சி சொல்ல, குணமானவர்களுக்குத் தருகிற நேரத்தில் பாதியைக் குணமாகாதவர் ஒருவருக்குக் கொடுங்கள். அவர் கோபமாகப் பேசினாலும் மைக்கை வாங்கிவிடாதீர்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் என்றால், மேடையின் படிக்கட்டுப் பக்கம் ஒரு சாய்தளம் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் படம் பிடிக்க வேண்டாம்.